பேசாப்படத்தில் உடை என்னும் விகுதி

பேசாப்படம் மொழி கடந்த கலை என்பது திரைப்பட வரலாறு எழுதுவோர் பலகாலும் கூறிவரும் கருத்தாகும். நடிகரின் மெய்ப்பாடும் உடையுமே அங்குப் பொருளை உணர்த்தின; ஆதலின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை என்பர். இக்கூற்றின் முற்பகுதி ஏற்கத்தக்கது, பிற்பகுதி ஆராயத்தக்கது. 1917ஐ ஒட்டிச் சென்னையில் ஆர். நடராச முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ படத்திற்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்தட்டைகள் எழுதுவிக்கப்பட்டன. இந்தி அட்டைகளை எழுதியவர் தேவதாஸ் காந்தி. உடையும் நடிப்புமே எல்லார்க்கும் பொதுமொழியாயின் இந்த மும்மொழி உழைப்பு எதற்கு?

பால்கேயின் ‘லங்கா தகன்’ (1917) இவ்வகையில் நோக்கத்தக்கது. இதில் அண்ணா சாலுங்கே என்னும் ஒரே நடிகர் இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். முகம் ஒன்று, உடல் ஒன்று, குரலோ இல்லை. வேறுபாடு முழுவதும் உடையின்மேல் ஏற்றப்பட்டது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் சொற்களில் பகுதி ஒன்றே. விகுதியே பால் காட்டுகிறது. அவ்வாறே இங்கு நடிகர் பகுதி, உடை விகுதி. ஸ்திரீபார்ட் நாடக மரபில் பழகிய கண்ணுக்கு இவ்விலக்கணம் முன்பே தெரியும்.

ஆயின் விகுதி தனித்து நின்று பொருள் முடிப்பதில்லை. ‘வந்தாள்’ என்னும் சொல் வந்தவள் சீதையா சூர்ப்பணகையா என்று கூறாது. உடையும் அரசன், முனிவன், பணிப்பெண் என வகையைச் சுட்டுமேயன்றி இயற்பெயரைச் சுட்டாது. கண்ணனின் மயிற்பீலி, அனுமனின் வால் போன்றவை விலக்குகள். அவையும் கதையை முன்னரே அறிந்தார்க்கே பெயராகும். தொடக்ககாலப் படங்கள் புராணங்களை நாடியதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று கூறுவது போதாது.

நிறம் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. 1920களின் நடுப்பகுதி வரை பெரிதும் வழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள் செந்நிறத்தை உணராது. சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் பதியும். கூறைப்புடைவையின் சிவப்பு திரையில் இருளாகிறது. நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகிறது. வெளிர்நீலப் புடைவையையும் வெண்புடைவையையும் பிரித்தறிதல் அரிதாகிறது. எஞ்சுவன கரையின் அகலம், கொசுவம், அணிகலன், உடுத்தும் முறை ஆகியனவே. நிறத்தால் மங்கலமும் அமங்கலமும் காட்டும் சமூகத்தில் இஃது எழுத்துகளில் பாதியை இழந்த நெடுங்கணக்கை ஒக்கும்.

எஞ்சியவையும் எல்லார்க்கும் ஒன்றுபோல் பொருள் தருவனவல்ல. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளியர் கலந்து வாழ்ந்து இந்தியைப் பொதுமொழியாகக் கொண்ட அந்தமானின் போர்ட் பிளேயரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) ஒரு பேசாப்படம் திரையிடப்படுவதாகக் கொள்வோம். திரையில் வெள்ளுடையில் ஒரு பெண் தோன்றுகிறாள். வங்காளியரும் தமிழர் பலரும் கைம்மைக் கோலம் எனக் கொள்ளக்கூடும். மலையாளிக்கோ அது முண்டும் நேரியதும் உடுத்த இயல்பான பெண்ணாகலாம். அங்கு எழுத்தட்டையின் ஒரு சொல் உடையின் பல பொருள்களுள் ஒன்றை நிறுத்தி மற்றவற்றை விலக்குகிறது. அச்சொல்லைப் பெயர்ப்பவர் உடையையும் சேர்த்தே பெயர்க்கிறார்.

இச்சிக்கலை ஹிமான்சு ராயும் ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டனும் உருவாக்கிய ‘பிரேம் சன்யாஸ்’ (1925) தெளிவாகக் காட்டுகிறது. புத்தர் வரலாறு கூறும் இப்படத்திற்கு ஜெய்ப்பூர் அரண்மனையின் உதவி கிட்டியது. அரங்க அமைப்பும் போலிப் பொருள்களும் இல்லை எனப் படத்தின் தொடக்க அட்டையே பெருமை கொள்கிறது. பொருள்கள் மெய்யானவைதாம், காலந்தான் பொய். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சாக்கியர் அவை இராசபுத்திர அவையாகத் தோன்றுகிறது. மூனிக் நகரத்தார்க்கு அது ‘கீழை நாடு’ என்னும் ஒரே சொல், இந்தியர்க்கு ‘இராசபுதனம்’. அதே குழுவினரின் ‘பிரபஞ்ச பாஷ்’ (1929) படத்தின் உடையமைப்பில் தேவிகா ராணி பங்குபெற்றார்.

நடராச முதலியாரின் அடுத்த படம் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ (1918). ஆங்கிலோ இந்திய நடிகை ஒருவர் திரௌபதியாக நடித்தார். அவரைத் திரௌபதியாக்கியது புடைவை; கதையில் துச்சாதனன் உரிய முயன்றதும் அதுவே. பிற படங்களில் விகுதியாக நின்ற உடை இங்கு வினையாகவே ஆகிவிடுகிறது. துகில் வளர்வதை ஒலியின்றி, நிறமின்றி எவ்வாறு காட்டினர் என்பதை இனி நேரிற் காண வழியில்லை. படச்சுருள் அழிந்துவிட்டது.