மனந்திரும்புதலும் மருத்துவமனைப் படுக்கையும்

குடிநோயைக் குறித்துச் சபைகளில் நாம் பேசும்போதெல்லாம் ஒரு நூலின் செல்வாக்கு, அதன் பெயரை அறியாதவரிடத்தும் காணப்படுகிறது. 1939 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பதே அந்நூல். அதன் பெரும்பகுதியை எழுதியவர் பில் வில்சன். 1935 இல் அக்ரன் நகரில் அவரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததிலிருந்து பிறந்த ஐக்கியத்தின் அனுபவமே நூலின் பொருள். இறையியல் மாணவரும் போதகரும் இதனை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நூலின் பன்னிரு படிகள் திருச்சபைக்கு அந்நியமானவையல்ல. தன் இயலாமையை ஏற்றல், தன்னைக் கடவுளிடம் ஒப்புவித்தல், பிழைகளை இன்னொருவர் முன் அறிக்கையிடல், தீங்குற்றோருக்கு ஈடுசெய்தல் ஆகியவை ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாக வில்சனை வந்தடைந்தவை. கடவுளை அவரவர் புரிந்துகொண்டவாறே கொள்ளலாம் என்று நூல் இடங்கொடுப்பதையும், படிகளில் சிலுவைக்கு இடமில்லாததையும் நம்மவர் குறைகூறுவர். அக்குறை மெய்யே. ஆயினும், ஒருவர் தம் வீழ்ச்சியை அஞ்சாமல் எடுத்துரைக்கத்தக்க இடம் நம் ஆலயங்களில் எத்துணை உண்டு? பொது அறிக்கையை ஒருமித்து வாசித்துவிட்டு, குடிப்பவரின் குடும்பத்தைப் பற்றி ஆலய வாசலில் முணுமுணுக்கும் நாம், அந்நூலைக் கண்டிக்குமுன் வெட்கமடைய வேண்டும்.

நம் கண்டனம் நூலைவிட, அது வாசிக்கப்படும் முறையையே சாரும். வில்சன் கண்ட பேரொளியை நாம் சாட்சியாக எடுத்துரைக்கிறோம். அவ்வனுபவம் 1934 டிசம்பரில் நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையில், சில்க்வர்த் என்ற மருத்துவரின் சிகிச்சையில் அவர் இருந்தபோது நிகழ்ந்தது என்பதையோ விட்டுவிடுகிறோம். அம்மருத்துவரின் கருத்துரை நூலின் முகப்பிலேயே இடம்பெற்றுள்ளது. நடுக்கமும் மயக்கமும் தெளியாதவருக்கு முதலில் மருத்துவமனையே ஏற்றது என்பது அவர் துணிபு.

இதனை மறப்பது உயிர்ச்சேதத்தில் முடியக்கூடும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் ஆகியவை சில நாட்களுக்குள் தோன்றலாம். பல ஆண்டுகளுக்கு முன் நற்செய்திக் கூட்டமொன்றில் கையுயர்த்திய ஒருவரை, "இன்றோடு விட்டுவிடும், ஜெபத்தில் தரித்திரும்" என்று சொல்லி அனுப்பினோம். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்புக் கண்டது. அண்டை வீட்டார் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதால் பிழைத்தார். அவருடைய மனந்திரும்புதலில் குறைவில்லை; நம் அறிவிலேயே குறைவிருந்தது.

நூல் எழுதப்பட்ட நாளில் இல்லாத உதவிகள் இன்று உள்ளன. நிறுத்தும் நாட்களில் வலிப்பைத் தடுக்கும் மருந்துகளையும் தயமின் உயிர்ச்சத்தையும் மருத்துவர் கொடுப்பர். பின்னர் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை உதவும். டைசல்ஃபிராம், நோயாளி அறிந்து இசைந்தாலன்றிக் கொடுக்கத்தகாதது. உணவில் மறைத்துக் கலப்பது உயிருக்கு ஆபத்து. குடிக்கு இன்னும் அடிமையாகாமல் தீங்குறக் குடிப்போரும் உளர். இவர்களைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் 1989 இல் பத்துக் கேள்விகளை வகுத்தளித்தது. இத்தகையோர் பலருக்குச் சுருக்கமான ஆலோசனையே பயன்தரும்.

நூலின் இன்னொரு குறையையும் சுட்டவேண்டும். மனைவியருக்கான அதிகாரம் மனைவியரின் குரலில் பேசினும், எழுதியவர் வில்சனே. அவர் மனைவி லோயிஸ் எழுத விரும்பியும் இடம் பெறவில்லை. பொறுமையைப் போதிக்கும் அவ்வதிகாரம், அடிபடும் பெண்ணுக்குப் போதிய புகலிடம் காட்டவில்லை. நம் பிரசங்கங்களும் இதே தவற்றைச் செய்கின்றன. 1951 இல் லோயிஸ் முதலானோர் அல்-அனான் என்ற குடும்பத்தார் ஐக்கியத்தைத் தொடங்கிய பின்னரே அவர்கள் தம் குரலிற் பேசலாயினர்.

எனினும் நூலின் மையக் கருத்து நிலைத்துள்ளது. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020 ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, நோயாளிகளை இவ்வைக்கியத்தோடு முறையாக இணைக்கும் சிகிச்சை, குடியை முற்றாக விடச்செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று எனக் கண்டது.

நல்ல சமாரியன் முதலில் காயங்களைக் கட்டினான். பின் சத்திரத்தில் சேர்த்தான். திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். போதகரின் பணிக்கும் இதுவே ஒழுங்கு: மருத்துவரிடம் உடன்செல்லுதல், ஐக்கியத்தில் சேர்த்தல், மீண்டும் விழுந்தாலும் திரும்பிச் சென்று காணுதல். கையுயர்த்தச் சொல்லுமுன் இம்மூன்றையும் செய்ய ஆயத்தமாயிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.