அம்மா வராத கதைகள்

பெற்றோரிடம் வளர முடியாத குழந்தையைச் சில காலத்துக்கு வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் அரசு ஒப்படைப்பது ஃபாஸ்டர் கேர் எனப்படும் வளர்ப்புக் குடும்ப முறை. தத்தெடுப்பைப் போல இது நிலையானதல்ல. எந்த நேரத்திலும் குழந்தை துணிமணிகளை மூட்டை கட்ட வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து எழுதப்பட்டுவரும் சிறார் நாவல்கள், பழைய அனாதைக் கதைகளிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகுகின்றன. 1908-இல் வந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலின் ஆனுக்குத் தாயும் தந்தையும் இல்லை. அவள் காத்திருக்க யாருமில்லை. வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைக்கோ அம்மா எங்கோ உயிரோடு இருக்கிறாள். என்றாவது வந்து அழைத்துப் போவாள் என்ற நம்பிக்கைதான் அந்தக் குழந்தையைத் தாங்குகிறது, வதைப்பதும் அதுதான்.

இந்த நம்பிக்கையை மிக நுட்பமாகக் கையாண்ட நாவல் கேத்தரின் பேட்டர்சனின் 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' (1978). பேட்டர்சன் கம்போடியச் சிறுவர் இருவரைத் தற்காலிகமாகத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். கொஞ்ச நாளில் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் அவர்களுடைய சிக்கல்களைத் தாம் தள்ளிப்போட்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். தன்னை எல்லோரும் அப்படித்தான் நடத்துகிறார்கள் என்று அறிந்த ஒரு குழந்தை எப்படி இருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவள் கில்லி.

பதினொரு வயது கில்லி பொய் சொல்வாள், திருடுவாள், வாய் கூசாமல் திட்டுவாள். கறுப்பின ஆசிரியைக்கு நிறவெறி தோய்ந்த வாழ்த்தட்டை தயாரிப்பாள். அவள் வந்து சேரும் வீட்டில் பருத்த உடலும் அதிகம் படிப்பில்லாத பேச்சும் கொண்ட வளர்ப்புத் தாய் டிராட்டர், மிரண்ட சிறுவன் வில்லியம் எர்னஸ்ட், அன்றாடம் சாப்பிட வரும் பக்கத்து வீட்டுப் பார்வையற்ற கறுப்பினப் பெரியவர் ராண்டால்ஃப் என மூவர். படர்க்கையில் சொல்லப்பட்டாலும் கதை கில்லியின் மனத்தை விட்டு நகர்வதில்லை. எல்லோரையும் தான் ஆட்டி வைப்பதாக அவள் நினைத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் நேசிக்கப்படுவது வாசகருக்கு மட்டும் முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த இடைவெளியை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்குவதில்லை. பத்து வயது வாசகரை இவ்வளவு நம்பி எழுதிய நாவல்கள் குறைவு.

கதைப்பின்னலும் அதே அளவுக்குக் கடுமையானது. கலிஃபோர்னியாவில் இருக்கும் தாய்க்கு, அந்த வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சேர்த்துக் கில்லி கடிதம் எழுதுகிறாள். டிராட்டரின் வீடே தன் வீடு என்று மனம் ஒன்றும் வேளையில் அந்தக் கடிதம் பலன் தருகிறது: அவள் அதுவரை அறிந்திராத பாட்டி வந்து அழைத்துப் போகிறாள். தாயும் ஒருநாள் வந்து இறங்குகிறாள், பாட்டி பணம் கொடுத்ததால். மகளை அழைத்துச் செல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. டிராட்டரிடம் திரும்பும் வழியையும் பேட்டர்சன் திறந்து வைக்கவில்லை. அழுதபடி தொலைபேசும் கில்லியைப் பாட்டி வீட்டுக்கே போகச் சொல்கிறாள் டிராட்டர். இரக்கத்தால் முடிவை மாற்றியிருந்தால் நாவல் பொய்யாகியிருக்கும்.

1979-இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது பெற்ற இந்த நாவல், கில்லியின் வசவுகளுக்காக அமெரிக்கப் பள்ளிகளில் பலமுறை எதிர்ப்பைச் சந்தித்தது. வசவை நீக்கினால் அவளுடைய மாற்றத்துக்குத் தொடக்கப்புள்ளியே இராது.

கில்லியின் கதைக்கு ஓராண்டு முன்னதாக பெட்சி பயர்ஸ் எழுதிய 'தி பின்பால்ஸ்' அளவில் சிறியது. ஒரே வீட்டில் மூன்று குழந்தைகள்; அவர்களில் ஹார்வியின் இரு கால்களையும் அவன் தந்தையின் கார் ஏறி முறித்திருக்கிறது. தனக்கு நேர்ந்த கெட்டவற்றை அவன் பட்டியல் போடுகிறான். புலம்பலுக்குப் பதில் பட்டியல் என்ற அந்த உத்தி ஒன்றே பயர்ஸின் கைத்திறனுக்குப் போதுமான சான்று.

பிரிட்டனில் ஜாக்குலின் வில்சனின் 'தி ஸ்டோரி ஆஃப் டிரேசி பீக்கர்' (1991) குழந்தையின் கையிலேயே பேனாவைக் கொடுத்தது. காப்பகத்தில் வாழும் டிரேசி தன் வரலாற்றைத் தானே எழுதுகிறாள். நிக் ஷாரட்டின் கோட்டோவியங்கள் அவளே கிறுக்கியவை போல ஓரங்களில் ஓடுகின்றன. தாய் ஹாலிவுட் நடிகை என்று அவள் அளக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த பக்கத்தில் அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்துகிறது. சித்திரங்களின் குறும்பு இல்லாமல் இந்தக் கதையைத் தாங்குவது இளம் வாசகருக்குக் கடினம்.

இந்த மரபு அண்மையில் எட்டிய உயரம் கிம்பர்லி புரூபேக்கர் பிராட்லியின் 'ஃபைட்டிங் வேர்ட்ஸ்' (2020). தாய் சிறையில், தாயின் காதலனிடமிருந்து தப்பிய பத்து வயது டெல்லாவும் அக்கா சூக்கியும் வளர்ப்புத் தாயிடம் வருகிறார்கள். பாலியல் வன்முறையையும் அக்காவின் தற்கொலை முயற்சியையும் சிறுவர் நாவலில் சொல்வது கத்திமேல் நடப்பது. பிராட்லி சம்பவத்தை விவரிப்பதில்லை. சொல்லத் தயாராகும்வரை டெல்லாவைச் சுற்றிவளைத்துப் பேசவிடுகிறார். அவளுடைய வசவுகள் வரும் இடத்திலெல்லாம் பனியைக் குறிக்கும் சொல்லை அவளே போட்டுக்கொள்கிறாள். கில்லிக்கு எழுந்த எதிர்ப்புக்கு இதைவிடச் சாமர்த்தியமான பதில் இல்லை: கோபமும் குறையவில்லை, வசவும் அச்சேறவில்லை. தமக்கும் சிறுவயதில் அத்தகைய கொடுமை நேர்ந்ததைப் பின்னுரையில் பிராட்லி நேராகவே எழுதியிருக்கிறார். நாவல் 2021-இல் அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி ஹானர் பெற்றது.