கான்டனீஸ் குரலுக்கு ஒரு கண்காட்சி

சிங்கப்பூரின் பகோடா தெருவுக்கு அந்தப் பெயரைத் தந்தது ஶ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம். அதே தெருவில் 48ஆம் எண் கடைவீட்டில் 2002இல் சைனாடவுன் மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. கான்டனீஸ் பேசியவர்கள் நிறைந்திருந்த அந்த வட்டாரத்தின் பழைய வாழ்க்கையை அது அறை அறையாகத் திரும்பக் கட்டிக் காட்டியது: கீழே தையல்கடை, மேலே பலகைத் தடுப்பிட்ட சிற்றறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. இந்த முறைக்குப் பெரிய பலம் உண்டு. ஒரு குடும்பமே அந்த அறைக்குள் எப்படிப் படுத்து எழுந்தது என்பது எழுதி வைத்தால் மனத்தில் ஏறாது; உள்ளே நின்று கையை நீட்டினால் சட்டென்று புரியும்.

இடத்தை மீட்பதுபோல் பேச்சை மீட்பது எளிதல்ல. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் ஒலிபரப்பில் கான்டனீஸ் படிப்படியாக மங்கியது. ரெடிஃபியூஷன் கம்பிவழி வானொலியில் லீ டாய் சோ கதை சொல்ல, காப்பிக்கடைகளில் மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட காலமும் போயிற்று. இன்று பாட்டி சொல்வது பல பேரப்பிள்ளைகளுக்குப் பாதிதான் விளங்குகிறது. இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாத கண்காட்சி எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், அது காப்பாற்றுவது கட்டிலையும் பெட்டியையும்தான்.

சம்சுய் பெண்களின் சிவப்புத் துணியை எடுத்துக்கொள்வோம். குவாங்டோங் மாநிலத்தின் சான்சுய் பகுதியிலிருந்து வந்து, கட்டட வேலைத்தளங்களில் மண்ணும் கல்லும் சுமந்த பெண்கள் இவர்கள். கஞ்சி போட்டு விறைப்பாக்கி, சதுரமாக மடித்துத் தலையில் நிறுத்தும் துணி அது. பார்வையாளர் கட்டிக்கொண்டு படமெடுக்க ஒரு துணியைத் தொங்கவிடுவது வடிவமைப்பாளருக்குச் சுலபம். அதற்குப் பதில், மடிக்கத் தெரிந்த ஒருவர் கான்டனீஸில் மடிப்பு மடிப்பாக வழிசொல்ல, அதைக் கேட்டுக் கேட்டுக் கட்டவைக்கலாம். கை தடுமாறும். சைகையைப் பார்த்து, சொல்லைக் கவனித்து, மறுபடி கேட்க வேண்டிவரும். பங்கேற்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

தொடவே விடாமல் உலுக்கும் இடமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில், 1910 முதல் 1940 வரை சீனக் குடியேறிகள் அடைத்துவைக்கப்பட்டார்கள். மரச்சுவர்களில் அவர்கள் கவிதைகளைச் செதுக்கினார்கள். அதிகாரிகள் மக்கு அடைத்து மேலே வண்ணம் பூசினார்கள். எழுத்தின் பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன. அந்தச் சுவருக்குத் தொடுதிரை தேவையில்லை.

அங்கே நடந்த விசாரணை மட்டும் வடிவமைப்பாளரைச் சபலப்படுத்தும். உன் வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப்பானை எங்கே இருக்கும், உன் தெருவில் எத்தனை வீடு என்று துருவித் துருவிக் கேட்டு, உறவினர் சொன்ன பதிலோடு ஒப்பிட்டார்கள். இதைப் பத்துக் கேள்வியும் பச்சை விளக்குமாக்கினால் அச்சம் மதிப்பெண்ணாகிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது அவமதிப்பு. உடன் வந்தவரை வேறொரு அறையில் உட்காரவைத்து, இருவரையும் தங்கள் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டு, இரண்டு பதில்களையும் அருகருகே வைத்தால் போதும். தீர்ப்பு எதுவும் வேண்டாம்.

இவற்றில் நான் மிகவும் மதிப்பது வான்கூவரில் 2023 ஜூலை 1 அன்று சீனக் கனடியர் அருங்காட்சியகம் திறந்தபோது வைக்கப்பட்ட கண்காட்சியை. 1923ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தைப் பற்றியது அது. அதைத் தொகுத்த கேத்தரின் கிளெமென்ட் குடும்பங்களிடமிருந்தே தாத்தா, கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றச் சான்றிதழ்களைத் திரட்டினார். கதவு திறக்குமுன்பே பங்கேற்பு தொடங்கிவிட்டது.

திரட்டுவதிலும் கத்திமுனை உண்டு. 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோ பதிவேடுகள் அழிந்தபின், பிறர் பெயரில் ‘காகித மகன்’களாக நுழைந்தவர்கள் பலர். 1956இல் அமெரிக்க அரசு தொடங்கிய ஒப்புதல் திட்டத்தில் ஒருவர் வாய்திறந்தால் உறவினர்களும் சிக்கினார்கள். ஆகவே குடும்பத் தகவலைத் திரையில் ஏற்றும் எந்த ஏற்பாடும், பின்னர் அதை விலக்கிக்கொள்ளும் உரிமையைத் தகவல் தந்தவருக்கே விட்டுவைக்க வேண்டும்.

பகோடா தெருவுக்குப் பக்கத்திலேயே, கிரேத்தா ஆயரில், கான்டனீஸ் பேசும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். திரைகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுடைய நேரத்துக்குச் சம்பளமாக எழுதி, வாரத்தில் சில மணிநேரம் பார்வையாளரோடு உட்காரவைக்கலாம். மென்பொருளை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.