வெண்ணெய்ப் பசு

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் 1854ஆம் ஆண்டு தொடங்கி, இக்காலத்தில் டி மொயின் நகரில் ஆகஸ்டு மாதம் நடைபெறும் விவசாயப் பெருஞ்சந்தையில், பரிசுக் காளைகளையும் இராட்டினங்களையும் கடந்து வந்து ஜனங்கள் வரிசையில் நின்று காண்பது, கண்ணாடிக்குப் பின்னே குளிரறையில் நிற்கும் ஒரு வெண்ணெய்ப் பசுவை. 1911 முதல் வரும் மரபு இது. மரத்தாலும் இரும்பாலும் கம்பிவலையாலும் அமைத்த சட்டத்தின் மேல் ஏறத்தாழ 600 பவுண்டு வெண்ணெயைச் சிறிது சிறிதாக அப்பி, மடியின் நரம்பும் இடுப்பெலும்பின் மேடும் துலங்குமாறு வனைவதற்குச் சிற்ப ஞானம் மட்டும் போதாது. பசுவோடு பழகிய கண்ணும் வேண்டும். 1960 முதல் 2005 வரை இதனை வனைந்த நார்மா லயன் அம்மையார் பால்பண்ணை நடத்தியவர் என்று அறியும்போது, அவ்வுருவங்களின் ஜீவகளைக்குக் காரணம் விளங்குகிறது. உணவுப் பொருள் வீணாகிறதே என்று வருந்துவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவ்வெண்ணெயின் பெரும்பகுதியைச் சேமித்து, பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சிற்பத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.