மதிப்பெண்ணை நீக்கினால் போட்டி குறையுமா?

அமெரிக்காவில் மருந்தாளுநராக வேண்டுமென்றால் இன்று பார்ம்.டி. பட்டம் படித்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 80 ஆக இருந்த பார்மசி கல்லூரிகள் அடுத்த இருபது ஆண்டுகளில் 140ஐத் தாண்டின. விண்ணப்பிப்போர் எண்ணிக்கையோ கடந்த பத்தாண்டுகளில் சரிந்தது. பிகேட் என்ற நுழைவுத் தேர்வும் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இடம் கிடைப்பது எளிதாகிவிட்டது. ஆனால், சேர்ந்த பிறகு மாணவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. அதைப் பெரிதும் தீர்மானிப்பது மதிப்பிடும் முறை.

பல கல்லூரிகள் ஏ, பி, சி என்று தரமிட்டு ஜிபிஏ எனும் சராசரிப் புள்ளியைக் கணக்கிடுகின்றன. ரோ கை என்ற கௌரவச் சங்கம் வழக்கமாக வகுப்பின் முதல் 20 விழுக்காட்டினரையே தகுதியுடையவர்களாகக் கொள்கிறது. நூறு பேரில் இருபது பேருக்குத்தான் வாய்ப்பு என்றால், நல்ல மனம் கொண்டவர்கூடத் தன் நோட்டைப் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுக்கத் தயங்குவார். ஆனாலும் இந்த முறையில் ஒரு நேர்மை உண்டு. செல்வாக்கோ அறிமுகமோ இல்லாத மாணவர், தன் உழைப்புக்குச் சான்றாக ஓர் எண்ணைக் காட்ட முடியும்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2018இல் தன் பார்ம்.டி. படிப்பை மூன்றாண்டுகளாகச் சுருக்கி, தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்ற இரண்டே முடிவுகளை வைத்தது. நெவாடாவின் ரோஸ்மன் பல்கலைக்கழகம் இன்னும் துணிச்சலானது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு பாடப்பகுதிதான். தேர்ச்சிக்கு 90 விழுக்காடு. தனியாக எழுதிய தேர்வையே மாணவர்கள் பிறகு குழுவாக விவாதித்து எழுதுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தளவை ஏன் குறைக்க வேண்டும் என்பதைத் தவறவிட்ட மாணவர், சக மாணவரின் விளக்கத்தில் அன்றே அதைப் பிடித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் கூச்சமின்றிக் கேட்கும் பழக்கம் மருந்தாளுநருக்கு உயிர்நாடி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு சேரக் கூடாத மருந்தை மருத்துவர் எழுதிவிட்டால் தடுத்துக் கேட்க வேண்டியவர் அவர்தானே!

வெறுமனே தரங்களை நீக்குவதைவிட, தேர்ச்சிக் கோட்டை உயர்த்தி உதவியையும் பெருக்கும் இந்த வழியே மேலானது. அதற்கும் விலை உண்டு. ரோஸ்மனின் மூன்றாண்டுப் படிப்பிலும் மூச்சுவிட நேரமில்லை. 89 வாங்கியவரும் மீண்டும் எழுத வேண்டும்.

போட்டி இடம் மாறிவிடுவது அதைவிடப் பெரிய சிக்கல். மருத்துவமனைகளில் சிகிச்சை சார்ந்த பணிக்குப் போக விரும்புவோர் பட்டத்துக்குப் பின் ரெசிடென்சி பயிற்சிக்கு முயல்கிறார்கள். மாணவரின் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனையின் பட்டியலையும் கணினி பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்குகிறது. ஜிபிஏ இல்லாதபோது பரிந்துரைக் கடிதம், ஆய்வுப் பங்களிப்பு, மாணவர் சங்கப் பொறுப்பு ஆகியவற்றின் எடை கூடுகிறது. கட்டணத்துக்காக மாலையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கு ஆய்வகத்தில் செலவிட நேரம் ஏது? தரவரிசையின் கொடுமையைக் கண்டிப்பவர்கள் இந்த அநீதியைப் போதிய அளவு பேசுவதில்லை.

போட்டி குறைந்தால் கல்வித்தரம் சரியும் என்போர் நேப்ளெக்ஸ் உரிமத் தேர்வைச் சுட்டுகிறார்கள். முதல் முயற்சியில் தேறியோர் 2014இல் சுமார் 95 விழுக்காடு; 2022இல் ஏறத்தாழ 80. ஆனால் தரமிடும் கல்லூரிகளும் இந்தச் சரிவுக்குத் தப்பவில்லை. இடங்கள் பெருகி விண்ணப்பங்கள் சுருங்கியதை விட்டுவிட்டு, பழியை மதிப்பிடும் முறைமேல் போடுவது பொருந்தாது.

கல்லூரி தேடும் மாணவர், அங்கே சூழல் இணக்கமானதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. கல்லூரிவாரியான நேப்ளெக்ஸ் தேர்ச்சி விகிதம் பொதுவில் கிடைக்கிறது. குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், ரெசிடென்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டு, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இணக்கமான வகுப்பறை என்று பெயரெடுத்த கல்லூரியில் பாதியில் நின்றவர்கள் அதிகமென்றால், அங்கே பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது.