போர்க்களத்துச் சடுகுடு

மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யின் முதல் பாடல் தொகுப்பான ‘அருளர்’ 2005இல் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் வெளியீடாக வந்தபோது, கொண்டாடியவர்களும் ஏசியவர்களும் ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: இந்தப் பெண் யார் பக்கம்? அட்டையில் புலியும் டாங்கியும் அச்சாகியிருந்தன. ஈழப் போராட்ட இயக்கமான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயர்தான் தலைப்பு. பாட்டுகளில் குண்டும் துப்பாக்கியும் வந்தபடி இருந்தன. கொள்கை விளக்கம் மட்டும் எங்கும் இல்லை. அதைக் குழப்பம் என்றனர் சிலர், பகட்டு என்றனர் வேறு சிலர். தேடிய இடம்தான் தவறு என்பது என் எண்ணம். ‘அருளர்’ ஒரு நிலைப்பாட்டைச் சொல்ல வந்த படைப்பு அல்ல. போருக்குள் வளர்கிற பிள்ளையின் காதில் எது எப்படி விழுமோ, அதை அந்த வயதின் விளையாட்டுத் தாளத்திலேயே திருப்பிச் சொல்லும் படைப்பு. அதன் பலம், பலவீனம் இரண்டும் அங்கிருந்தே வருகின்றன.

முதலில் ஒலியைக் கவனிக்கலாம். மாயா 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1986இல் அகதியாக லண்டன் திரும்பியவர். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது திரைப்படக் கலை. முறையான இசைப் பயிற்சி கிடையாது. எலாஸ்டிகா இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியை அவருக்கு அறிமுகம் செய்தார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் தன்னிடமிருந்த அதே பெட்டியை இரவல் கொடுத்தார். அந்த எளிய கருவியில் தட்டித் தட்டி எழுதியவைதான் தொடக்கப் பாட்டுகள். ‘கலாங்’ 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியாகி, நிலத்தடி நடனக் கூடங்களின் வழியே பரவியது. பின்னால் தேர்ந்த தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்தும் அந்த முதல் வறுமையை யாரும் மெழுகி மறைக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் தாளம், அடியில் உறுமும் பேஸ், குரல், அவ்வளவுதான். தந்திக் கருவிகளின் மெத்தை கிடையாது. குரலும் அகலமானதல்ல, மூக்கிலிருந்து வருவது, தட்டையானது, சில நேரம் சுருதியைப் பற்றிக் கவலையே படாதது.

இந்தக் குரலை ராப் கலையின் வழக்கமான தராசில் நிறுத்தினால் தோற்றுவிடும். சிக்கலான உள்ளெதுகைகளோ, மூச்சு வாங்காமல் நீளும் கதைகளோ இல்லை. சிறு சிறு அடிகள், மீண்டும் மீண்டும் அதே அசைகள். ஆனால் சடுகுடு ஆடுகிறவன் பாடும் பாட்டை நினைத்துப் பாருங்கள். மூச்சை அடக்கி, பொருளுள்ளதும் இல்லாததுமான சொற்களை அடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் போகிறான். சொல் நின்றால் ஆட்டம் போயிற்று. எம்.ஐ.ஏ.யின் அடிகளுக்கு அந்த அவசரம் உண்டு. தொகுப்பின் முதல் ஒலியே ‘பனானா’ என்ற துணுக்கு: வகுப்பறையில் முறை சொல்வதைப் போல, ஒரு சொல்லை அசை பிரித்து ஒப்பிப்பது. ஆங்கிலம் அறியாமல் லண்டன் பள்ளிக்குள் நுழைந்த அகதிச் சிறுமியை அதில் கேட்காமல் இருக்க முடியாது. ‘ஹோம்ப்ரே’ பாட்டின் தாளக்கட்டு இந்தியத் தெருவில் ஒருவர் சுமந்து விற்ற பொம்மைகளின் ஓசையிலிருந்து எடுக்கப்பட்டது. பேனா, கைப்பேசிச் சத்தங்களும் அதில் கலந்திருக்கின்றன. ‘கலாங்’ முடியும்போது சொற்களே கழன்றுபோய், மைதானத்துக் கூட்டம் எழுப்புவது போன்ற வெறும் உயிரோசைக் கூச்சல் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால் தொகுப்பின் உச்சம் அதுதான். பொம்மையும் வகுப்பறையும் மைதானமும் இப்படித் தாளத்துக்குள் வந்துவிட்ட பிறகு, அதன் மேல் ஏறுகிற சொற்கள் குண்டும் தீயும் கடத்தலும். அந்தப் பொருந்தாமைதான் இந்தப் படைப்பின் இலக்கணம்.

இது மிகக் கூர்மையாக வெளிப்படும் பாட்டு ‘சன்ஷவர்ஸ்’. பல்லவி 1976இல் டாக்டர் பஸ்ஸர்ட்ஸ் ஒரிஜினல் சவன்னா பேண்ட் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. வெயிலும் மழையும் சேர்ந்து வருகிற பொழுதின் இனிமை அதில் இருக்கிறது. சரணத்திலோ, தீவிரவாதி என்ற சந்தேகத்தால் சுடப்படும் ஒருவன். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததற்காகவும் துப்பாக்கி ஓசைக்காகவும் எம்.டி.வி. அதை அப்படியே ஒளிபரப்பத் தயங்கியது. இதற்கான காட்சியைத் தென்னிந்தியக் காட்டில் படமாக்கியவர் ராஜேஷ் டச்ரிவர். கேரளத்தில் பிறந்து, லண்டனில் அரங்க வடிவமைப்பு பயின்று, ஹைதராபாத்தில் வாழ்ந்து படம் எடுப்பவர். அவரைத் தேர்ந்ததில் பொருளுண்டு. ஈழப் போரைப் பற்றி ‘இன் த நேம் ஆஃப் புத்தா’ என்ற படத்தை 2002லேயே அவர் எடுத்திருந்தார். போரைக் கண்ணீர்க் கதையாகச் சொல்லக் கற்றவர், இங்கே வெயில், பச்சை, நகரும் பெண்கள் என்று மட்டும் நிறுத்திக்கொண்டார். பின்னால் 2013இல் அவர் ஹைதராபாத்திலிருந்து எடுத்த தெலுங்குப் படம் ‘நா பங்காரு தல்லி’ பெண் கடத்தலைப் பற்றியது. அந்த ஆண்டின் சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ‘அருளர்’ தொகுப்பின் ‘10 டாலர்’ பாட்டும் விற்கப்படும் சிறுமியைப் பற்றியதே. படம் நம்மை அழவைக்கிறது. பாட்டு, குதித்தாடும் தாளத்தில் விலையைச் சொல்லி நம்மை ஆடவைத்துவிட்டுப் பிறகு கூச வைக்கிறது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டாவது அரிது.

மறுப்புகள் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. சைமன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர் அன்றே எழுதினார்: ரியோவின் குடிசைப் பகுதி இசைக்கும் ஜமைக்காவின் இசைக்கும் இந்தக் கலைக் கல்லூரிப் பட்டதாரிக்கும் என்ன உறவு, தோலின் நிறத்தைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று. முப்பது வயதை நெருங்கிய ஒருவர் போட்ட குழந்தை வேடம்தானே இது என்றும் இதை நீட்டலாம். வேடம்தான், மறுக்கவில்லை. கூத்தில் வேடம் பொய் என்று யாரும் எழுந்துபோவதில்லை. அது நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ‘பக்கி டன் கன்’ பாட்டில் பிரேசில் பாடகி டெய்ஸி டிக்ரோனாவின் பாட்டு இருக்கிறது. அதற்குள் ‘ராக்கி’ படத்தின் எக்காளம் இருக்கிறது. ரியோக்காரர்கள் ஹாலிவுட்டிடமிருந்து எடுத்தார்கள், லண்டன் அகதி ரியோவிடமிருந்து எடுத்தார். இதில் தூய உரிமையாளர் யார்? டிப்லோ என்ற தயாரிப்பாளர்தான் எல்லாம் செய்தார் என்ற இன்னொரு பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். இந்தத் தொகுப்பில் அவர் கை பட்டது அந்த ஒரு பாட்டில்தான்.

தமிழ் வாசகரின் மறுப்பு வேறு மாதிரியானது: இதில் தமிழ் எங்கே? ஓராண்டு கழித்து, 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தது. ராப்புக்குத் தமிழின் நாவைக் கொடுத்தது. அந்தப் பெருமை ‘அருளர்’ தொகுப்புக்கு இல்லை. ஆனால் மாயாவின் தந்தை எழுதிய ‘லங்கா ராணி’ நாவலை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1977 வன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழரை ஏற்றிவந்த கப்பலைப் பற்றியது அது. அதில் பேசுகிறவருக்குப் பாதை தெரியும். என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று வாதிடுகிறார். மகளின் தொகுப்பில் அந்தத் தெளிவு இல்லை, இருக்கவும் முடியாது. தந்தை இயக்கத்தோடு போனபின் வீட்டில் இருந்தவர் அவர். தலைப்பை மாற்றச் சொல்லித் தந்தை கேட்டும் மாற்றவில்லை. கப்பலில் வந்தவர்களின் வரலாற்றைத் தந்தை எழுதினார். வந்து இறங்கிய இடத்தில் பிள்ளைகள் என்ன கூவி விளையாடினார்கள் என்பதை மகள் பதிவு செய்தார். இரண்டும் ஈழத் தமிழ் ஆவணங்கள்தான்.

எல்லாப் பாட்டிலும் இந்த ஆட்டம் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பிங்கோ’வில் தாளத்துக்கு அடியில் வேறெதுவும் ஓடவில்லை, வெறும் வீராப்பு. ‘புல் அப் த பீப்பிள்’ பாட்டில் வெடிகுண்டுப் பேச்சு சில கணங்கள் அணிகலனாக நின்றுவிடுகிறது. கண்டித்தவர்களுக்கு அந்த இடத்தில் நியாயம் உண்டு. 2005 மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் தொகுப்பு இடம்பெற்றும் பரிசு கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்துத் தாயின் பெயரில் வந்த ‘கலா’வில் உறுமி இருக்கிறது, சென்னை இருக்கிறது, ஒலியில் அதுவே செழிப்பு. என் தேர்வு அப்போதும் ‘அருளர்’தான். ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ வழியாகவோ ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்தில் ரஹ்மானோடு பாடியதன் வழியாகவோ மட்டும் இவரை அறிந்தவர்கள், ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஒதுக்கி இதை வரிசை மாற்றாமல் கேளுங்கள். இடையிடையே வரும் துணுக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள்.