ஆறும் ஒளிப்படமும்: பிராங்ளின் ஆற்றுப் படமொன்று குறித்து

காட்டாற்றின் ஒளிப்படத்தைக் கலைவிமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் மிக அருகியே காணப்படுகின்றது. நாட்காட்டியிலும் வரவேற்பறைச் சுவரிலும் இடம்பெறுவது என்பதனால் அது வெறும் அலங்காரமென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும், நாட்காட்டிகள் வெளியிட்டு வந்த ஒரு கலைஞரின் ஆற்றுப்படம் ஒரு நாட்டின் பொதுத்தேர்தற் பிரசாரத்திலே முன்னிடம் பெற்றதும், ஓர் ஆறு அணைநீருள் அமிழாது தப்புவதற்குத் துணைநின்றதும் அண்மைக்கால வரலாறு. தஸ்மேனியாவின் பிராங்ளின் ஆற்றிலே பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த 'பாறைத்தீவு வளைவில் காலைப் பனிமூட்டம்' என்பதே அப்படம். அதன் வெற்றி எவ்வாறு கைகூடியது என்பதையும், அவ்வெற்றியின் பொருட்டு எது சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது என்பதையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் தனித்து முளைத்தவரல்லர். அவருக்கு முன்னோடியாகவும் வழிகாட்டியாகவும் விளங்கியவர் ஒலேகாஸ் துருச்சானாஸ். 1923இல் லித்துவேனியாவிற் பிறந்து, போரினால் நாடிழந்து, 1948இல் அவுஸ்திரேலியாவை வந்தடைந்த இவர், தஸ்மேனிய நீர்மின் ஆணைக்குழுவில் ஊழியராகப் பணியாற்றினார். ஓய்வு நாள்களில் தீவின் தென்மேற்குக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து, ஏரிகளையும் அருவிகளையும் படமெடுத்தார். 1958இல் கோர்டன் ஆற்றைச் சிறு படகொன்றிலே தன்னந்தனியாகக் கடல்வாய் வரை கடந்தார். 1967 பெப்ரவரியில் ஹோபார்ட் நகரைச் சூழ்ந்த காட்டுத்தீ அவரது இல்லத்தையும், ஆண்டுக்கணக்கிற் சேர்த்த வண்ணப்பட வில்லைகளையும் அழித்தது. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தமக்கு ஊதியம் வழங்கிய ஆணைக்குழுவே பெடர் ஏரியை மூழ்கடிக்கத் தீர்மானித்தபோது, அவ்வேரியின் படங்களை ஹோபார்ட் நகரமண்டபத்திலே மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். ஏரி காப்பாற்றப்படவில்லை, 1972இல் அது அணைநீருள் மறைந்தது. அவ்வாண்டு சனவரியிலே, இழந்த படங்களை மீளவும் எடுக்கும் முயற்சியில் கோர்டன் ஆற்றுக்குச் சென்ற துருச்சானாஸ் அவ்வாற்றிலேயே மூழ்கி இறந்தார். தேடிச் சென்றோருள் உடலைக் கண்டெடுத்தவர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். இவரும் லத்வியப் பெற்றோருக்கு 1945இல் ஜேர்மனியிற் பிறந்து, 1950இல் அகதிக் குழந்தையாக வந்தவரே. தஸ்மேனியரின் ஆறுகளைத் தஸ்மேனியருக்கே காட்டிக்கொடுத்தவர்கள், தத்தம் மண்ணை இழந்து வந்த இருவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனிப் படத்துக்கு வரலாம். ஆற்றின் நடுவே செடிகொடிகளைச் சுமந்து நிற்கும் பாறைத்தீவு. அதனைச் சுற்றி வளையும் நீர். முன்னணியிலே வெண்மையாய் மழுங்கிய விரைநீர். பின்னணியிலே செங்குத்தான காட்டுச் சரிவை அரைகுறையாய் மறைக்கும் பனிமூட்டம். வண்ணங்கள் அடங்கியே ஒலிக்கின்றன. இதிலே பெரிதும் பேசப்படுவது மழுங்கிய நீரே. கண் அவ்வாறு காண்பதில்லை, ஆகவே அது பொய்மை என்பார் உளர். இக்கூற்று தொழில்நுட்பத்தை அறியாதது. டொம்ப்ரோவ்ஸ்கிஸ் கையாண்டது, தனித்தனித் தாளாகப் படலம் இட்டு முக்காலியில் நிறுத்தி இயக்கும் பெரிய லின்ஹோஃப் கமரா. அத்தகைய கமராவில் அண்மைப் பாறையும் சேய்மைச் சரிவும் ஒருசேரத் தெளிவுறவேண்டுமாயின் வில்லைத் துவாரத்தை மிகச் சுருக்கவேண்டும். சுருக்கினால், காட்டின் மங்கிய ஒளியில் மூடி நெடுநேரம் திறந்திருத்தல் வேண்டும். அந்நேரத்திற் பாறை அசையாது, நீர் அசையும். கல்லின் ஒவ்வொரு வடுவையும் மதித்த ஒருவருக்கு நீரின் மழுங்கல் தவிர்க்கவொண்ணாத விலையாயிற்று. 1861இல் ஈரத்தகடுகளைச் சுமந்து யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்குச் சென்ற கார்ல்டன் வொட்கின்ஸின் படங்களிலும் நீர் ஆவியாய்த் தோன்றுவதற்குக் காரணம் ஏறத்தாழ இதுவே.

இன்று நிலைமை வேறு. நண்பகலிற்கூட ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியை வில்லையின் முன் பொருத்தி, எந்த ஓடையையும் பட்டுத்துணியாக்கிவிடலாம். கைத்தொலைபேசியின் மென்பொருளே அதனைச் செய்துவிடுகின்றது. நடைபாதையோரத்துச் சிற்றோடைகள் யாவும் உலகெங்கும் ஒரே ஓடையாகிவிட்டன. தேவையிலிருந்து பிறந்த ஓர் உத்தி, தேவை நீங்கியபின் வெறும் வாய்பாடாக எஞ்சியமைக்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

படத்தின் அரசியல் வாழ்வு அதன் கலைவாழ்வினும் சுவையானது. 1981 டிசெம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, கோர்டன் ஆற்றில் எந்த இடத்தில் அணை அமையவேண்டும் என்று மட்டுமே வினவியது. அணையே வேண்டாம் என்போருக்கு அங்கு இடமில்லை. வாக்காளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அதனை வாக்குச்சீட்டிலே தாமே எழுதினர். 1982 டிசெம்பர் 14இல் ஆற்றை மறிக்கும் போராட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1983 மார்ச் 5ஆந் திகதித் தேர்தலுக்குச் சற்று முன்னர், இவ்வாற்றை அழிக்கும் கட்சிக்கு வாக்களிக்க இயலுமா என்ற வினாவுடன் இப்படம் மெல்பேர்ன், சிட்னிப் பெருநாளேடுகளிலே வண்ண விளம்பரமாக வெளிவந்தது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே வந்த காலம் அது. தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. யூலை 1இல் உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளிக்க, அணை கைவிடப்பட்டது. ஒரு படமே ஆற்றைக் காத்தது என்பது மிகைக்கூற்று. மறியலில் நின்றவர்களின் உழைப்பை அது மறைக்கின்றது. எனினும், ஆற்றை ஒருபோதும் காணாத நகரவாக்காளருக்கு அதனைக் கண்முன் நிறுத்தியது இப்படமே.

ஆனால் அவ்வாக்காளர் கண்டது மனிதர் அற்ற ஓர் ஆற்றை. அழிப்பதற்குரியவன் மனிதன், ஆகவே அவன் இல்லாத இடமே தூயது என்ற தருக்கம் அவ்வெறுமையினுள் ஒளிந்துள்ளது. அதே பிராங்ளின் ஆற்றங்கரையில் உள்ள குட்டிகினா குகையில் 1981இல் நிகழ்ந்த அகழ்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆதிக்குடிகள் அங்கு வாழ்ந்து வேட்டையாடியமையைக் கற்கருவிகளாலும் எலும்புகளாலும் நிறுவியது. அக்காலம் பனியூழி, பள்ளத்தாக்கு திறந்த புல்வெளியாயிருந்தது. காலநிலை வெம்மையுற்ற பின்னரே அடர்காடு அங்கு பரவியது. ஆதியென்று படம் காட்டும் அக்காடு, அங்கு வாழ்ந்த மனிதருக்குப் பிந்தியது! வொட்கின்ஸ் வெறுமையாய்க் காட்டிய யொசெமிற்றியிலிருந்தும் அதன் மக்கள் 1851இலேயே ஆயுதப்படையாற் துரத்தப்பட்டிருந்தனர். முதலும் கருவும் உரியுடன் இயையாத நிலக்காட்சியைத் தமிழ் அகமரபு பொருட்படுத்துவதில்லை. அம்மரபிற் பயின்ற வாசகனுக்கு டொம்ப்ரோவ்ஸ்கிஸின் படம் அழகிருந்தும் குறைபட்டதாய்த் தோன்றுவது இயல்பே.

இக்குறையை அவரொருவர் மீது சுமத்துதல் நீதியன்று. அணைத்திட்டமும் அப்பள்ளத்தாக்கை ஆளில்லா இடமாகவே கணக்கிட்டது. எதிர்த்தவர்களும் பெரும்பாலும் அக்கணக்கை ஏற்றுக்கொண்டே எதிர்த்தனர். நீதிமன்ற வாதங்களிலே குகைகளின் தொல்லியற் பெறுமதி இடம்பெற்றது, விளம்பரத்தில் இடம்பெறவில்லை. 1995இல் குட்டிகினா ஆதிக்குடிகளின் உரிமைக்கு மீண்டது. மறு ஆண்டு, தென்மேற்கின் ஆதர் மலைத்தொடரிற் படமெடுக்கச் சென்றிருந்தபோது டொம்ப்ரோவ்ஸ்கிஸ் மாரடைப்பால் இறந்தார். அவர் படத்திலே பாறைத்தீவைச் சுற்றிவரும் நீர், அக்குகையைக் கடந்தே கோர்டன் ஆற்றிற் கலக்கின்றது.